கண்புரைக் குழந்தைகளின் மர்மத்தை உடைத்த டாக்டர் கிரெக்

பிறந்த குழந்தைக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருந்தால் நம் ஊர்களில் கிரகணத்தைச் சொல்வார்கள். கர்ப்பிணிப் பெண் வெளியே வந்து நின்றாள், கத்தியை எடுத்து நறுக்கினாள் என்பார்கள். பழி முழுவதும் தாயின் தலையில் விழும். இந்தப் பழியைத் துடைக்க வழி கண்டவர் ஆஸ்திரேலியா நாட்டுக் கண் டாக்டர் ஒருவர். அவர் பெயர் நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக்.

ஆறாவது பிள்ளை

கிரெக் 1892ஆம் ஆண்டு மார்ச் 7ந் தேதி சிட்னி நகரத்தின் பர்வுட் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு குமாஸ்தா. வீட்டில் ஆறு பிள்ளைகள், கிரெக்தான் கடைக்குட்டி. படிப்பில் கெட்டிக்காரர். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பேர் எடுத்தவர். சிட்னி சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1915ல் முதல் வகுப்பில் தேறினார்.

அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டம் வாங்கிய கையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிரிட்டிஷ் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்து போர்முனையில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றினார். அந்த வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் என்ற விருது கிடைத்தது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் சிறிது காலம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பிறகு கண் வைத்தியம் கற்க மறுபடியும் இங்கிலாந்து போனார். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியிலும் பர்மிங்ஹாமிலும் பயின்றார். 1923ல் சிட்னி திரும்பி மக்குவாரி தெருவில் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஹைடீ கார்ஸன் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். குழந்தைகளுக்கான அரசி அலெக்ஸாண்ட்ரா ஆஸ்பத்திரியிலும் கௌரவ கண் டாக்டராக இருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் வரை அவர் பெயரைச் சிட்னிக்கு வெளியே அதிகம் பேர் அறிந்ததில்லை.

1941ல் வந்த குழந்தைகள்

1941ஆம் ஆண்டின் முதல் பாதி. கிரெக்கிடம் வந்த கைக்குழந்தைகளில் வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் கண்புரை தென்பட்டது. பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் புரை. குழந்தைகள் இளைத்துச் சோர்ந்திருந்தன. பால் குடிக்கவே திணறின. பலவற்றின் இதயத்திலும் கோளாறு இருந்தது.

பிறவிக் குறை என்றால் அது பரம்பரையாக வருவது என்று பெரும்பாலான டாக்டர்கள் நம்பிய காலம் அது. ஆனால் ஒரே ஊரில், ஒரே பருவத்தில், ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை குடும்பங்களில் ஒரே மாதிரிக் குறை எப்படி வரும்? இந்தக் கேள்வி கிரெக்கை விடவில்லை. குழந்தைகள் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணினார். கரு உருவான காலம் 1940ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்து நின்றது. அப்போது ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் அம்மை பரவலாக இருந்தது. ருபெல்லா என்பதும் அதுவே. யுத்தத்துக்காக இளைஞர்களை முகாம்களில் திரட்டியிருந்ததால் நோய் எங்கும் பரவியிருந்தது.

அவரது காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். கர்ப்ப காலத்தில் தங்களுக்கு ஜெர்மன் அம்மை வந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். அது டாக்டரின் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். பெண்களின் பேச்சுத்தானே என்று அவர் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு தாயிடமும் கேட்டார். மற்ற டாக்டர்களுக்கும் எழுதி விவரம் சேர்த்தார். மொத்தம் 78 குழந்தைகள். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில், ஜெர்மன் அம்மை வந்திருந்தது. 44 குழந்தைகளுக்கு இதயக் கோளாறு இருந்தது.

1941ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி மெல்போர்னில் நடந்த கண் டாக்டர்கள் கூட்டத்தில் கிரெக் இதை எடுத்து வைத்தார். தாய்க்கு வந்த லேசான ஒரு வைரஸ் நோய் கருவிலிருக்கும் சிசுவின் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதே அவர் சொன்ன செய்தி.

நம்ப மறுத்தவர்கள்

ஜெர்மன் அம்மை என்பது மூன்று நாள் வந்து போகும் சாதாரண நோய். லேசான ஜுரம், மேலில் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டும். அவ்வளவுதான். அது ஒரு குழந்தையின் பார்வையைப் பறிக்கும் என்பதை வெளிநாட்டு டாக்டர்கள் எளிதில் ஏற்கவில்லை. லண்டன் லான்செட் பத்திரிகை 1944ல் கூட இது நிரூபணமாகவில்லை என்றே எழுதியது.

ஆனால் ஆதாரம் சேர்ந்துகொண்டே வந்தது. அடிலெய்டு நகரத்தில் டாக்டர் சார்லஸ் ஸ்வானும் சகாக்களும் இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்து 1943ல் கிரெக்கின் கூற்றை உறுதிப்படுத்தினார்கள். காது கேளாமையும் இதன் விளைவு என்பது தெரிய வந்தது. 1951ல் ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிவர நிபுணர் பழைய ஜனத்தொகைக் கணக்குகளைப் புரட்டினார். காது கேளாதவர்களில் 1899ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். அது ஜெர்மன் அம்மை பரவிய காலத்தோடு பொருந்தியது. சர்க்கார் குமாஸ்தாக்கள் என்றோ எழுதி வைத்த கணக்கு, கிரெக்கின் பக்கம் சாட்சி சொன்னது.

1953ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. புகழ் வந்த பிறகும் தம் கண் வைத்தியத்தை விடவில்லை.

கிருமி அகப்பட்டது

கிரெக்கின் முறையில் ஒரு குறை இருந்தது. அவர் கையில் இருந்தது தாய்மாரின் ஞாபகம் ஒன்றுதான். ஜெர்மன் அம்மை பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே வந்து போகும். தடிப்பே வராத தாய்க்கு ஞாபகம் எப்படி இருக்கும்? 78 பேரில் விடுபட்ட பத்துப் பேரை இப்படியும் புரிந்துகொள்ள இடமுண்டு. அதே சமயம் வேறு அம்மையை ஜெர்மன் அம்மை என்று நினைத்துச் சொன்னவர்களும் இருக்கக்கூடும். ஞாபகத்தை விட உறுதியான சாட்சி தேவைப்பட்டது.

1962ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ருபெல்லா வைரஸைப் பிரித்தெடுத்தன. அதன் பிறகே ரத்தத்தில் அதைத் தேடும் சோதனைகள் சாத்தியமாயின. அதற்குள் பெரிய விபத்து ஒன்று நேர்ந்தது. 1964, 65 ஆண்டுகளில் அமெரிக்காவில் நோய் பெருவாரியாகப் பரவி, சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் கோளாறுகளோடு பிறந்தன. கிரெக் சொன்னதை அதன் பின் யாரும் மறுக்கவில்லை.

1966ஆம் ஆண்டு ஜூலை 27ந் தேதி கிரெக் காலமானார். தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1969ல். ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது 1971ல். அவர் கண்டுபிடித்த ஆபத்துக்கு வந்த பரிகாரத்தைப் பார்க்க அவர் இல்லை.

ரத்தம் சொல்லும் சாட்சி

இன்று பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இந்த நோயைத் தேட முடியும். ஆனால் அந்தச் சாட்சியை விசாரிக்கத் தெரிய வேண்டும்.

நோய்க் கிருமி உடம்பில் புகுந்தால் ரத்தம் எதிர்ப்பொருளை உண்டாக்கும். இதில் முக்கியமானவை இரண்டு. ஐ.ஜி.எம். என்பது நோய் வந்த புதிதில் உண்டாவது. ஐ.ஜி.ஜி. என்பது பின்னால் உண்டாகி ஆயுள் முழுவதும் தங்குவது.

ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டித் தருகிறாள். அது போலத் தன் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி.யை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குக் கொடுத்து அனுப்புகிறாள். தாய்க்கு எப்போதோ சிறு வயதில் ஜெர்மன் அம்மை வந்திருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும் அது குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். ஆகவே பிறந்த குழந்தைக்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று சீட்டு வந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. அது தாயின் கட்டுச்சோறாக இருக்கலாம்.

ஐ.ஜி.எம். நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அது குழந்தையின் ரத்தத்தில் இருந்தால் குழந்தையே உண்டாக்கியது என்று பொருள். குழந்தை தன் அடுப்பில் தானே சமைத்தது. அதாவது கருவிலேயே நோய் தொற்றியிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. தாய் தந்த ஐ.ஜி.ஜி. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பன்னிரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சில மாதங்கள் கழித்துப் பார்க்கும்போதும் அளவு குறையாமல் நின்றால், கட்டுச்சோறு தீர்ந்த பிறகும் பாத்திரம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் குழந்தைக்குத் தொற்று இருப்பதற்கு அடையாளம்.

சோதனை எங்கே தவறும்?

ஐ.ஜி.எம். சோதனையும் தெய்வவாக்கு அல்ல. நோய் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு முதல் மாதத்தில் அது தென்படாமல் போகலாம். அதனால்தான் அறிகுறி இருந்தும் முதல் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். எதிர்ப்பக்கமும் தவறு உண்டு. ரத்தத்திலுள்ள வேறு பொருள்கள் குறுக்கிட்டு, நோயே இல்லாத குழந்தைக்குப் பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் குழந்தைகளையும் சோதித்தால் உண்மையான பாசிட்டிவ் ஒன்று. பொய்யான பாசிட்டிவ் சுமார் இருபது. இருபத்தொரு சீட்டில் ஒன்றுதான் நிஜம். மற்ற இருபது வீட்டிலும் வீண் அழுகை.

இப்போது கண்புரையோடு வந்த நூறு குழந்தைகளை மட்டும் சோதிப்போம். அவர்களில் 25 பேருக்கு நோய் என்று கொள்வோம். ஐந்தில் ஒன்று தப்பினாலும் 20 பேர் அகப்படுவார்கள். மீதி 75 பேரில் பொய்ப் பாசிட்டிவ் ஒன்றோ இரண்டோதான். இங்கேயும் ஏறத்தாழ இருபத்தொரு சீட்டுத்தான். ஆனால் இருபதும் நிஜம்.

சோதனை அதேதான். யாரைச் சோதித்தோம் என்பதில்தான் வித்தியாசம். கிரெக் காட்டிய வழியும் இதுதான். முதலில் குழந்தையைக் கண்ணால் பார், தாயைக் கேள், தேதியைக் கணக்கிடு. சீட்டு அதற்குப் பிறகு.

டார்ச் என்ற பெயரில் பல தொற்றுகளுக்குச் சேர்த்து எடுக்கும் ரத்தச் சோதனைக்கும் இது பொருந்தும். அதில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்ததும் பயந்துபோகிற குடும்பங்கள் பல. அது பெரும்பாலும் பழைய தொற்றின் தடம். மேலும் அந்தப் பட்டியலிலுள்ள சைட்டோமெகலோ வைரஸுக்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவது நம்பத்தக்க வழி அல்ல. பிறந்த 21 நாளுக்குள் குழந்தையின் சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸையே தேட வேண்டும். நாள் கடந்தால் கருவில் வந்த தொற்றா, பிறந்த பின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எச்.ஐ.வி.யிலும் இதே நியாயம்தான். தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையிடம் தங்கக்கூடும். அதனால் ஆறு வாரத்திலேயே வைரஸைத் தேடும் தனிச் சோதனை செய்கிறார்கள்.

மதுரையில் எச்சில் சோதனை

சிட்னியில் கிரெக் கண்டதைத் தமிழ் மண்ணில் உறுதிப்படுத்திய பெருமை மதுரைக்கு உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கண்புரையோடு வந்த குழந்தைகளை அங்குள்ள டாக்டர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கைக்குழந்தையிடம் ரத்தம் எடுப்பது சிரமம். ஆகவே வாயிலிருந்து எச்சில் எடுத்து அதில் ஐ.ஜி.எம். தேடினார்கள். முடிவு 1996ல் வெளியாயிற்று. கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ருபெல்லாதான் காரணம். கிரகணமும் அல்ல, சாபமும் அல்ல, தாய் செய்த தப்பும் அல்ல.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியிலும் கேரளத்தில் அதே ஆண்டு அக்டோபரிலும் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடத்தினார்கள். மலையாளத்தில் அஞ்சாம்பனி என்று சொல்லும் தட்டம்மைக்கும் ஜெர்மன் அம்மைக்கும் சேர்த்து ஒரே ஊசி. இன்று அது 9 மாதம் முடிந்ததும் ஒரு தடவை, 16 மாதத்துக்கு மேல் ஒரு தடவை என இலவசமாகப் போடப்படுகிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து ஊருக்கு

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தோப்பும்படியிலும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் தனிப் பாடம் உண்டு. மட்டாஞ்சேரியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தாலும், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு ரயில் ஏற்றுவதுதான் நம் வழக்கம். கர்ப்ப காலச் சீட்டு கொச்சியில். பிரசவச் சீட்டு திருநெல்வேலியிலோ தேனியிலோ. மூன்று மாதம் கழித்துக் குழந்தை இங்கே வரும்போது பாதிக் காகிதம் அங்கேயே தங்கிவிடும். 21 நாள் கணக்கும், ஒரு மாதம் கழித்துச் செய்ய வேண்டிய மறுசோதனையும் இப்படித்தான் தவறிப்போகின்றன. தேதி இல்லாத சீட்டை வைத்து எந்த டாக்டரும் கட்டுச்சோறு எது, அடுப்பில் வெந்தது எது என்று பிரிக்க முடியாது.

ஆகவே இரண்டு ஊர்க் காகிதங்களையும் ஒரே பையில் வைக்க வேண்டும். கர்ப்பத்தில் ஜுரமும் தடிப்பும் வந்தால், எத்தனையாவது மாதம் என்று தேதியோடு குறித்து டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் பன்னிரண்டு வாரத்தில் வரும் தொற்றில் சிசு பாதிக்கப்படும் வாய்ப்பு 85 சதவீதம் வரை உண்டு. இருபது வாரத்துக்குப் பின் ஆபத்து மிகக் குறைவு. குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. புரையைச் சீக்கிரம் எடுத்தால்தான் பார்வை பழகும். காதையும் இதயத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நோய் உறுதியான குழந்தையிடமிருந்து ஓராண்டு வரை வைரஸ் வெளிவரக்கூடும் என்பதால், தடுப்பூசி போடாத கர்ப்பிணிகள் அக்குழந்தையைத் தூக்காமல் இருப்பது நல்லது. தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. போட்ட பின் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கிரெக் பிறந்த ஆஸ்திரேலியாவில் ருபெல்லா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2018ல் அறிவித்தது. அதற்கு முதல் அடி, ஒரு கண் டாக்டர் தம் அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மாரிடம் கேட்டறிந்து, அவர்கள் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்ததுதான். குழந்தையைப் பற்றித் தாய் சொல்வதை இன்றும் முதலில் கேட்க வேண்டும். சீட்டில் உள்ள பாசிட்டிவும் நெகட்டிவும் அதன் பிறகுதான்.